பார்த்துக்கொள்ளுதல்: பழைய வீடு கற்பிக்கும் பாடம்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இரு பொருள்களை உணர்த்துகிறது. நாம் குடியிருக்கும் இல்லமும் வீடு. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றுக்குப் பின் நான்காவதாக எண்ணப்படும் உயர்ந்த நிலையும் வீடு. ‘விடு’ என்னும் வினையடியிலிருந்து தோன்றிய சொல் அது. இரண்டாவதாகச் சொன்ன வீட்டைப் பற்றி நாம் அடிக்கடி சிந்திக்கிறோம், சொற்பொழிவுகள் கேட்கிறோம், நூல்கள் படிக்கிறோம். முதல் வீட்டின் சுவரில் ஏறும் ஓதம், மேல்தளத்தில் விழுந்த கீறல், பல மாதங்களாகச் சொட்டும் குழாய் ஆகியவற்றைச் சிந்தனைக்குரிய பொருளாகக் கருதுவதில்லை. ‘அவை உலகியல் வேலைகள், நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இந்தப் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்க வேண்டும். ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’, ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்று கூறும்போது, அன்போடு அருகிருந்து பேணுதல் என்று அதற்குப் பொருள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கூறும்போதோ, இப்போது பார்க்கப் போவதில்லை என்று பொருள். ஒரே சொல் பேணுதலையும் தள்ளிப்போடுதலையும் குறிக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். பெங்களூரின் பழைய வீடுகளை நமக்குரிய பாடநூலாக எடுத்துக்கொள்வோம்.

பழைய வீடுகளின் நகரம்

1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெரிசல் மிகுந்த பேட்டைப் பகுதியில் உயிரிழப்பு மிகுந்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் மக்கள் வாழ வேண்டும் என்ற தேவையினால் மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய குடியிருப்புகள் விரிவடைந்தன. அகன்ற தெருக்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம், முன்புறத் தாழ்வாரம், மங்களூர் ஓடு வேய்ந்த கூரை, சன்னல்களுக்கு மேலே ‘மங்கி டாப்’ எனப்படும் கூர்மையான மரக் கவிகை, ரெட் ஆக்சைடு பூசிய சிவந்த தரை ஆகியவை அக்காலத்து வீடுகளின் அடையாளங்கள். அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. அவற்றில் பலவற்றில் இன்று வாழ்பவர்கள் முதியவர்கள். பிள்ளைகள் வேறு ஊர்களிலோ வேறு நாடுகளிலோ இருக்கிறார்கள்.

இத்தகைய வீட்டில் உள்ளவர்கள் இருவகைக் குரல்களைக் கேட்கிறார்கள். ‘இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுங்கள்’ என்பது ஒரு குரல். ‘இது தாத்தா கட்டிய வீடு, கை வைக்காதீர்கள்’ என்பது மற்றொரு குரல். இரண்டுக்கும் நடுவே வீடு கவனிப்பாரின்றி நாளுக்கு நாள் தேய்கிறது. வீடு தேயும்போது அதில் வாழ்பவரின் மனமும் தளர்கிறது. மனம் தளர்ந்ததால் வீடு தேய்ந்ததா, வீடு தேய்ந்ததால் மனம் தளர்ந்ததா என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

இந்தப் பிணைப்பைத் திருவள்ளுவர் அறிந்திருந்தார். ஊக்கமுடைமை என்னும் 60-ஆம் அதிகாரத்தை அடுத்து மடியின்மையையும், அதனை அடுத்து ஆள்வினையுடைமையையும் அவர் வைத்தார். மடியின்மை அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ‘குடி’ என்னும் சொல்லைக் காணலாம். தனி மனிதனின் சோம்பல் அவன் பிறந்த குடியைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. குடியை ஒரு விளக்காகவும் சோம்பலை அதனை மங்கச் செய்யும் மாசாகவும் அவர் உருவகிக்கிறார். காற்றில் அணையும் விளக்கை எவரும் உடனே கவனிப்பர். மாசு படிந்து மங்கும் விளக்கோ கவனத்திற்கு வருவதில்லை. கண் அந்த மங்கலுக்குப் பழகிவிடுகிறது. பழைய வீடு கெடுவதும் இவ்வாறே.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

‘மனத்தில் ஊக்கம் வரட்டும், செய்கிறேன்’ என்று நாம் கூறுகிறோம். ஊக்கம் முதலில் வரும், செயல் பிறகு நிகழும் என்பது இக்கூற்றில் அடங்கியுள்ள கொள்கை. அனுபவம் பெரும்பாலும் இதற்கு மாறாகவே இருக்கிறது. நீண்ட நாள் திறக்காத அலமாரி ஒன்றை வேண்டாவெறுப்பாகத் திறந்து ஒரு தட்டை ஒழுங்குபடுத்துகிறோம். அது முடிந்ததும் அடுத்த தட்டின்மீது கை தானே செல்கிறது. செயலுக்குப் பின்னரே ஊக்கம் பிறந்தது.

உளவியல் துறையும் இதனைப் பயன்படுத்துகிறது. 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் முதலியோர் மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறையை வளர்த்தனர். சோர்வுற்றவர் செயல்களைக் கைவிடுகிறார். செயல்கள் குறைவதால் நிறைவு தரும் அனுபவங்கள் குறைகின்றன. அதனால் சோர்வு மிகுகிறது. இச்சுழலை அறுக்க, மனநிலை மாறும்வரை காத்திராமல், சிறு செயல்களைத் திட்டமிட்டு மேற்கொள்ளச் செய்வதே அம்முறை. மற்றொரு உளவியலாளரான பீட்டர் கோல்விட்சர், 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு கருத்தை விளக்கினார். ‘இதைச் செய்வேன்’ என்னும் பொதுவான தீர்மானத்தைவிட, ‘இன்ன நேரம் வரும்போது, இன்ன இடத்தில், இதைச் செய்வேன்’ என்னும் தீர்மானம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது அவரது கருத்து. நம் முன்னோர் சங்கற்பம் செய்தபோது நாளையும் இடத்தையும் சேர்த்தே சொன்னார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பல வாரங்களாக எதிலும் விருப்பமின்மை, உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை நீடிக்குமாயின், அது சோம்பல் என்று தம்மையோ பிறரையோ கடிந்துகொள்ளலாகாது. அது நோயாக இருக்கக்கூடும். மருத்துவரை நாட வேண்டும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டுதலுடன் 2022-இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

முதற்படி: உள்ளதை உள்ளபடி பார்த்தல்

வீட்டைச் செம்மைப்படுத்த முற்படுபவர்கள் பெரும்பாலும் வண்ணப் பூச்சிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது. முதலில் செய்ய வேண்டியது, ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வீட்டை அந்நியர்போல் சுற்றிப் பார்ப்பது. ஒவ்வோர் அறையிலும் மேலிருந்து கீழாக, கூரை, சுவர், சன்னல், தரை என்னும் வரிசையில் காண்பதை எழுத வேண்டும். காரணத்தை ஊகிக்க வேண்டா. தீர்வும் எழுத வேண்டா. கண்டது மட்டும் போதும்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதலாம். விரிசலின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தினால் ஒட்டி வைப்பது பொறியாளர்கள் கையாளும் எளிய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அறியலாம். மாதக்கணக்கில் உடையாமல் இருந்தால், அது பழைய விரிசல் என்று கொள்ளலாம். அசையும் விரிசலையும், மூலைவிட்டமாக ஏறி அகலும் விரிசலையும் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். மேலே பூசி மறைப்பது ஆபத்தானது.

மனத்திற்கும் இது பொருந்தும். ‘நான் எப்போதும் இப்படித்தான்’ என்பது பூச்சு. ‘இவ்வாரம் மூன்று நாள் காலையில் எழத் தாமதித்தேன்’ என்பது பென்சில் கோடு. பின்னதைக் கொண்டே ஏதேனும் செய்ய இயலும்.

நீரின் வழி

பழைய கட்டடத்தின் முதற் பகைவன் நீர். எனவே, எந்த வேலைக்கும் முன்பாக நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். நகர்ந்த ஓடு, இலைகள் அடைத்த வடிகால், தளத்தின்மீது முளைத்த அரசஞ்செடி, சுவரோரம் தேங்கும் நீர் ஆகியவற்றைச் சரிசெய்யப் பெரும்பாலும் அரை நாளும் ஓர் ஆளும் போதும். அவற்றை விட்டுவிட்டு உட்சுவரில் பூசும் வண்ணம் அடுத்த மழைக்காலத்தில் உரிந்து விழும்.

சொட்டும் குழாயை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் ஒரு நாளில் 86,400 துளிகள். 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல். ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். அந்தக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, கட்டங்கட்டமாக மேலேற்றப்பட்டுப் பெங்களூரை அடைகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகளுள் ஆயிரக்கணக்கானவை வறண்டதையும், குடும்பங்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததையும் நாடு கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் நீரின் அருமை அன்று உணர்ந்ததைவிடக் குறைந்துவிடவில்லை.

வானம் தருவதையும் கணக்கிடுவோம். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி கூரை என்பது 93 சதுர மீட்டர். அதன்மீது விழும் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 70,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தமிழ்நாடு 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெங்களூரில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 60-க்கு 40 அடி மனையிலும் அதற்கு மேற்பட்ட மனையிலும் உள்ள பழைய கட்டடங்களுக்கும் இதனை விதித்தது. ஜயநகரில் குடிநீர் வாரியம் அமைத்துள்ள மழைநீர்ப் பூங்காவில் இதற்கான முறைகளை நேரில் பார்த்துக் கற்கலாம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றிவிட்டு, எஞ்சியதை வடிகட்டித் தொட்டிக்கோ கிணற்றுக்கோ செலுத்த வேண்டும். கிணறு வெட்டுவதையே மரபுத் தொழிலாகக் கொண்ட மண் ஒட்டர் சமூகத்தினர் இன்றும் பெங்களூரில் மழைநீரை நிலத்தடியில் சேர்க்கும் கிணறுகளை வெட்டித் தருகிறார்கள். பழைய வீட்டின் பின்புறம் மூடிக்கிடக்கும் கிணறு இருக்குமாயின், அது குப்பைக் குழி ஆகாமல் மீண்டும் நீரேற்கும் இடமாகலாம்.

மூச்சுவிடும் சுவர்

பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டவை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீரூற்றினால் அது நீறிக் குழைகிறது. சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. இக்காரையில் நுண்துளைகள் உள்ளன. சுவருக்குள் புகும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும்.

இதனை அறியாத கொத்தனார் ஓதம் ஏறிய சுண்ணாம்புச் சுவரின்மீது சிமெண்டுப் பூச்சை அழுத்திப் பூசுகிறார். சிமெண்டு இறுக்கமானது, ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது, செங்கல் பொடிகிறது, ஓதம் இன்னும் மேலே ஏறுகிறது. வலிமையான பொருளே நல்ல பொருள் என்னும் எண்ணம் இங்கே தவறாகிறது. எதனோடு சேர்கிறதோ அதற்கு இணங்கும் பொருளே நல்ல பொருள். எனவே, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைக் காரையில் சேர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அத்தொழில் தெரிந்த கொத்தனார்கள் இப்போதும் உள்ளனர். தேடிக் கேட்க வேண்டும்.

தம்மைத் திருத்திக்கொள்ள முயல்பவர்களும் இதனை மனத்திற் கொள்ளலாம். நாற்பது ஆண்டுப் பழக்கத்தின்மீது ஒரே நாளில் இறுக்கமான கட்டுப்பாடுகளைப் பூசினால், உள்ளே அடைபட்டது வேறொரு வழியில் வெளிவரும். இயல்புக்கு இணங்கிய சிறு விதிகள் நிலைக்கும்.

வாழ்பவருக்கு ஏற்ற வீடு

சிவந்த தரையை உடைத்து வழவழப்பான டைல்ஸ் பதிப்பது இக்காலத்தில் பெருவழக்கு. பழைய ரெட் ஆக்சைடு தரை நன்னிலையில் இருக்குமாயின் அதற்கு அமிலம் ஆகாது; மென்மையான சோப்பு நீரால் துடைத்து, உலர்ந்தபின் சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்து நன்கு துடைத்தெடுத்தால் பொலிவு திரும்பும். எண்ணெய் வழுக்கும் அளவிற்குத் தங்கிவிடக்கூடாது. அவ்வாறு மிச்சமாகும் பணத்தை எங்கே செலவிடலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவர்கள் வாழும் வீட்டில் குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, உயர்ந்த வாசற்படிக்கு நடுவே ஒரு சிறு படி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு ஆகிய நான்கும் அழகுப் பணிகளுக்கு முந்தியவை. பழைய மின்கம்பிகளையும் புவி இணைப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்து, 30 மில்லி ஆம்பியர் அளவு மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்துவது உயிர்காக்கும் செயல். விருந்தினர் கண்ணில் இவை படுவதில்லை. வீட்டிலுள்ளவர்கள் பாதுகாப்பாக உறங்குகிறார்கள்.

பேணலும் பற்றும்

‘இவ்வளவு கவனம் செலுத்தினால் வீட்டின்மீது பற்று வளராதா?’ என்று ஆன்மிக நாட்டமுடையோர் கேட்பது இயல்பு. பற்றும் பேணலும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பவை, நடத்தையில் வேறுபடுபவை. பற்றுடையவர் விரிசலைப் பார்க்க அஞ்சுகிறார். பேணுபவர் அதன் அருகே தேதியை எழுதுகிறார். பற்று ‘என்னுடையது’ என்று கூறி நிறுத்திக்கொள்கிறது. பேணல் ஏணியை எடுத்து வருகிறது. கேட்பாரற்றுப் பூட்டிக் கிடக்கும் வீட்டின்மீது உரிமையாளருக்கு மிகுந்த பற்று இருக்கக்கூடும்.

நம் ஆலய மரபு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அழிவற்றவன் உறைவதாக நாம் நம்பும் கோயிலின் கட்டடத்தை எவரும் அழிவற்றதாகக் கருதவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, குடமுழுக்கு நடத்துகிறோம். பழுது நேரும் என்பதை முன்னரே ஏற்று, அதற்கென முறையை வகுத்திருக்கிறார்கள். போகியன்று வீட்டை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கமும், கர்நாடகத்தில் யுகாதிக்கு முன் வீட்டைத் தூய்மை செய்யும் வழக்கமும் இல்லறத்தாருக்கான திருப்பணிகளே.

தாமதத்தின் விலையை மைசூரு யாதவகிரியில் உள்ள ஒரு வீடு காட்டியது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1950-களில் குடியேறி வாழ்ந்த வீடு அது. மாடியில் எட்டுச் சன்னல்கள் கொண்ட அறையில் அவர் எழுதினார். பின்னர் அவர் சென்னைக்குச் சென்றார், 2001-இல் காலமானார். 2011-இல் வீட்டை இடிக்கும் பணி தொடங்கி, ஒரு பகுதி இடிந்த பிறகே செய்தி பரவியது. மக்களின் எதிர்ப்பால் இடிப்பு நின்றது. பின்னர் மாநகராட்சி அதனைப் பெற்றுப் புதுப்பித்து, 2016-இல் நினைவு இல்லமாகத் திறந்தது. புகழ்பெற்றவரின் வீட்டுக்கு நகரம் ஓடி வந்தது. நம் வீடுகளுக்கு அவ்வாறு எவரும் வரப்போவதில்லை. அங்கே வாழும் நாமே உரிய காலத்தில் வர வேண்டும்.

எல்லாப் பழைய வீடுகளையும் காப்பாற்ற இயலாது என்பதும் உண்மை. கடைக்கால் இறங்கிவிட்டது, தாங்கும் சுவர் நம்பத்தக்கதன்று என்று பொறியாளர் கூறினால், அங்கே உயிருள்ளவர்களைக் குடிவைத்திருப்பது பேணல் ஆகாது. அப்போது கதவு, தூண், உத்திரம், ஓடு ஆகியவற்றைப் பழுதின்றிக் கழற்றிப் புதிய வீட்டிற்கோ வேறு வீட்டிற்கோ அளிக்கலாம். குடும்பத்தினர் அனைவரும் ஒருமுறை கூடியிருந்து விடைபெறலாம். நன்கு பார்த்துக்கொண்டவருக்கு விடுவதும் எளிதாகிறது. பார்க்காமல் விட்டவரே இடிபடும் நாளில் பெரிதும் கலங்குகிறார்.

இம்மாதப் பயிற்சி

1. ஒரு நாள், ஒரு மணி நேரம், கையில் குறிப்பேட்டுடன் வீட்டைச் சுற்றி வருக. கண்டதை மட்டும் எழுதுக. முதியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுக. எந்தச் சுவர் எந்த மழையில் நனைந்தது என்பதை அவர்கள் அறிவர்.

2. பட்டியலை மூன்றாகப் பிரிக்க: உயிருக்கு ஆபத்தானவை, நீர் தொடர்பானவை, மற்றவை. முதல் இரண்டும் முடியும்வரை மூன்றாவதைத் தொட வேண்டா.

3. அரை மணி நேரத்தில் முடியும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க. அதற்கு நாளும் நேரமும் குறிக்க. ‘சனிக்கிழமை காலைக் காப்பிக்குப் பின், கொல்லைக் குழாயின் வாஷரை மாற்றுவேன்’ என்பதுபோல் அது அமையட்டும்.

4. முடித்ததும் பட்டியலில் அதன் எதிரே தேதியை எழுதுக. அப்போதே அடுத்த வேலைக்கும் நாள் குறிக்க.

5. பெற்றோரின் பழைய வீட்டிலிருந்து தொலைவில் வாழும் அன்பர்கள், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பலகாரப் பையுடன் ஒரு திருப்புளியையும் எடுத்துச் செல்க. வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்னும் பேச்சைத் தொடங்குமுன், அங்கே சொட்டும் ஒரு குழாயையாவது சரிசெய்க.